கசுலு லட்சுமிநரசு செட்டி

கசுலு லட்சுமிநரசு செட்டி (1806 – 1868) சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வணிகர், பத்திரிகை உரிமையாளர், அரசியல்வாதி. 1844இல் 'கிரசண்ட்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1852இல் சென்னை சுதேசி சங்கத்தை நிறுவினார். வரி வசூலுக்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்பட்டதை இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை கொண்டுசென்று, 1854இல் அதற்கென ஒரு விசாரணைக் குழு அமையக் காரணமாக இருந்தவர்களுள் முதன்மையானவர். 1863இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பெயரின் முன்னுள்ள 'கசுலு' (காஜுலு) தெலுங்கில் வளையலைக் குறிக்கும்.

அவரைப் பற்றிய குறிப்புகளில் சட்டமன்ற உறுப்பினர் பதவியே பெரும்பாலும் முதலில் சொல்லப்படுகிறது. உண்மையில் அவர் செய்த பெரிய காரியம் எதுவும் அந்த அவையில் நடந்ததன்று. எந்தப் பதவியும் இல்லாமல் ஒரு பத்திரிகை, ஒரு சங்கம், சொந்தப் பணம் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவர் நடத்தியதுதான் அரசியல். பதவி வந்தபோது அந்தக் காலம் முடிந்திருந்தது.

பிறப்பும் வணிகமும்

லட்சுமிநரசு 1806இல் சென்னையில் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை சித்துலு செட்டி அவுரியும் துணியும் வாங்கி விற்றவர். மகன் பள்ளிப் படிப்பை விடக் கடைப் படிப்பில் வளர்ந்தவர். தந்தையின் தொழிலில் சேர்ந்து அதைப் பெருக்கினார். அவுரி ஊர்ப்புறத்தில் விளைவது, துணி ஊர்ப்புறத் தறிகளில் நெய்யப்படுவது. இந்த இரண்டையும் விற்பவருக்குச் சென்னைக் கடையில் உட்கார்ந்திருந்தாலும் மாவட்டங்களில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் போகாது. பின்னாளில் அவர் குடியானவரின் வரிச்சுமையைக் கையில் எடுத்ததற்கு இந்தத் தொடர்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அவர் இளைஞராக இருந்த சென்னையில் பொதுக் காரியம் என்பது மனு எழுதுவதாகவே இருந்தது. 1839இல் ஆங்கிலக் கல்வி வேண்டி 70,000 பேர் கையொப்பமிட்ட மனு ஒன்றை அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன், ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளித்தார். அதன் விளைவாக 1841இல் திறக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளியே பிற்காலத்து மாநிலக் கல்லூரி. மனுவுக்குப் பலன் உண்டு என்று சென்னை வணிகர்களுக்குக் காட்டிய நிகழ்ச்சி இது. ஜார்ஜ் நார்ட்டன் லட்சுமிநரசுவுக்கு நெடுநாள் துணையாக இருந்தார்.

கிரசண்ட்

'நேட்டிவ் சர்குலேட்டர்' என்ற சிறிய இதழை வாங்கி, 'கிரசண்ட்' (பிறை) என்று பெயர் மாற்றி, 1844 அக்டோபரில் வெளியிடத் தொடங்கினார் லட்சுமிநரசு. எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயர் ஆசிரியர். இந்துக்களின் நிலையை உயர்த்துவதே இதழின் நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. அரசு இதை விரும்பவில்லை. இதழைப் பற்றிய விளம்பரத்தைத் தன் கெசட்டில் வெளியிடக்கூட மறுத்தது.

ஆளுநராக இருந்தவர் ட்வீட்டேல் பிரபு (1842–1848). மிஷனரிகள் பால் சாய்வுடையவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. 1845இல் திருநெல்வேலிப் பகுதியில் மதம் மாறியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல் ஏற்பட்டு வழக்கு நடந்தது. அதில் அரசு தலையிட்டதைக் கண்டித்த சதர் அதாலத் நீதிபதி மால்கம் லூயின் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1846இல் அரசுக் கல்வி நிலையத்தில் பைபிளைப் பாடநூலாக வைக்கும் யோசனை எழுந்தது. லட்சுமிநரசு சென்னையில் கூட்டம் கூட்டி, கம்பெனியின் லண்டன் இயக்குநர்களுக்கு மனு அனுப்ப முன்னின்றார். இயக்குநர்கள் யோசனையை ஏற்கவில்லை. பதவி இழந்த லூயின் இங்கிலாந்து திரும்பி, சென்னைக்காரர்களின் வழக்கை அங்கே பேசும் குரல்களுள் ஒருவரானார். ஆளுநர் விரட்டிய ஒருவரே சங்கத்துக்கு லண்டனில் ஆள் ஆனார்!

இந்தக் கட்டத்தில் லட்சுமிநரசுவின் நிலைப்பாடுகள் அனைத்தையும் இன்றைய கண்ணால் பாராட்ட இயலாது. மதம் மாறியவருக்கும் குடும்பச் சொத்தில் பங்குரிமை உண்டு என்று சொல்லும் சட்ட வரைவை அவரும் அவர் நண்பர்களும் கடுமையாக எதிர்த்தனர். அந்த வரைவு 1850இல் 21ஆம் சட்டமாக நிறைவேறியது. சாதியிலிருந்து விலக்கப்பட்ட ஒருவரின் சொத்துரிமையைக் காக்கும் சட்டம் அது. அதை எதிர்த்தவர்கள் தங்கள் மதத்துக்குப் பேசியதாக நினைத்தார்கள். சாதிக் கட்டுப்பாட்டுக்கும் சேர்த்தே அவர்கள் பேசினார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இதழின் முதல் எட்டு ஆண்டுகள் இப்படி மதப் பூசலிலேயே கழிந்தன. அதோடு நின்றிருந்தால் வரலாற்றில் அவருக்கு ஓர் அடிக்குறிப்பு மட்டுமே கிடைத்திருக்கும்.

சென்னை சுதேசி சங்கம்

கம்பெனியின் ஆட்சி உரிமம் 20 ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1853இல் அடுத்த தவணை. அதை எதிர்பார்த்து 1851 அக்டோபரில் கல்கத்தாவில் பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் தோன்றியது. அதன் கிளையாகச் சென்னையில் 1852 பிப்ரவரி 26 அன்று ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. சில மாதங்களில் அது கல்கத்தாவிடமிருந்து பிரிந்து 'சென்னை சுதேசி சங்கம்' என்ற பெயரில் தனியே இயங்கியது. கல்கத்தாச் சங்கத்தில் ஜமீன்தார்கள் நிறைந்திருந்தார்கள். சென்னையின் குறை ஜமீனைப் பற்றியதன்று, நேரடி வரியைப் பற்றியது. எனவே பிரிவு இயல்பானதே.

1852 டிசம்பரில் சங்கம் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனு நீளமானது. நிலவரியின் அளவும் அதை வசூலிக்கும் முறையும் அதன் மையம். தறி, செக்கு, கடை ஆகியவற்றின் மேல் விழுந்த தொழில்வரி, உப்பு விலை, ஆண்டுக்கணக்கில் இழுபடும் நீதிமன்றங்கள், சாலையும் பாலமும் பாசன வேலையும் பள்ளிக்கூடமும் போதாமை ஆகியவையும் அதில் இருந்தன. மதம் பின்னுக்குப் போய், வரி முன்னுக்கு வந்திருந்தது. லட்சுமிநரசுவின் அரசியல் வாழ்வில் இதுவே திருப்பம்.

வரி எப்படி வசூலானது?

மனுவிலிருந்த புகாரைப் புரிந்துகொள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையில் மலையின் மேற்கு அடிவாரத்தில், கிரிவலப் பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. இன்று அது திருவண்ணாமலை மாவட்டம். அன்று திருவண்ணாமலை வட்டம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது (1911இல்தான் வட ஆர்க்காட்டுக்கு மாற்றப்பட்டது). தென்னார்க்காட்டின் கலெக்டர் இருந்த இடம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த கடலூர்.

ரயத்துவாரி முறையில் குடியானவருக்கும் அரசுக்கும் நடுவே ஜமீன்தார் இல்லை. இது குடியானவருக்கு நல்லது என்று தாமஸ் மன்றோ நம்பினார். ஆனால் ஜமீன்தார் இல்லாத இடத்தில் ஒரு படிக்கட்டு இருந்தது: ஊரில் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும், வட்டத்தில் தாசில்தாரும் அவருடைய சேவகர்களும், மேலே கலெக்டர். ஒவ்வோர் ஆண்டும் ஜமாபந்தி நடத்தி, யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்கு முடிப்பார்கள். (ஜமாபந்தி என்ற பெயரும் வழக்கமும் இன்றும் வட்டாட்சியர் அலுவலகங்களில் இருக்கின்றன.) வரி விகிதம் நல்ல மழை பெய்த ஆண்டிலேயே கட்ட இயலாத அளவுக்கு உயர்ந்திருந்த மாவட்டங்கள் பல. ஏரி நிறையாத ஆண்டில் தள்ளுபடி கிடைப்பதும் கிடைக்காததும் கணக்குப்பிள்ளை எழுதுவதைப் பொறுத்தது. கிஸ்தி நாளில் பணம் சேராவிட்டால் தாசில்தாரின் பெயர் கெடும். தாசில்தார் சேவகரை அனுப்புவார்.

சேவகர் அடித்தால் யாரிடம் முறையிடுவது? 1816 முதல் காவல் அதிகாரமும் தாசில்தாரிடமே கொடுக்கப்பட்டிருந்தது. வரி வசூலிப்பவரும் அவரே, புகாரை வாங்குபவரும் அவரே. அவரைத் தாண்டிப் போவதென்றால் கடலூருக்கு நடக்க வேண்டும். அங்கே கலெக்டரின் முன் போவதற்குள் தாசில்தாரின் உறவினரோ நண்பரோ கச்சேரி வாசலில் இருப்பார். அதற்குள் உழவு கெட்டுவிடும். அடித்த அடியைச் சகித்துக்கொள்வதே மலிவு. சித்திரவதை எந்தச் சட்டத்திலும் இல்லை. அதற்கு யாரும் எழுத்தில் உத்தரவு போடவும் இல்லை. இந்த அமைப்பு அதற்கு இடம் கொடுத்தது, அவ்வளவே.

டான்பி சீமூரின் வருகை

1853 மார்ச்சில் லண்டனில் ஜான் டிக்கின்சன் முயற்சியால் இந்தியச் சீர்திருத்தச் சங்கம் உருவானது. ஜான் பிரைட் போன்றவர்கள் அதில் இருந்தனர். ஆனால் அந்த ஆண்டு நிறைவேறிய சாசனச் சட்டத்தில் சென்னை மனுவின் கோரிக்கைகளுக்குப் பெரிதாக இடமில்லை. எழுத்தில் இருந்த புகாரை மறுப்பது லண்டனில் இருந்தவர்களுக்கு எளிதாக இருந்தது.

அந்த 1853ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சீர்திருத்தச் சங்கத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி டான்பி சீமூர் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு அவரை வரவேற்றதோடு நிற்கவில்லை. மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று குடியானவர்களோடு பேச வைத்தார். ரயில் இல்லாத காலம். தென்னிந்தியாவின் முதல் ரயிலே 1856இல்தான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. மாட்டு வண்டியிலும் பல்லக்கிலும் நடந்த அந்தப் பயணத்தில் சீமூர் தாமே பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டார்.

1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் சென்னை மாகாண நிலவுடைமை பற்றி விசாரணை வேண்டும் என்று பிளாக்கெட் தீர்மானம் கொண்டுவந்தார். விவாதத்தில் சித்திரவதைப் பேச்சு எழுந்தது. சென்னையில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பியிருந்தவர்கள் அப்படியொன்று தங்கள் காதில் விழுந்ததே இல்லை என்றார்கள். நேரில் போய்வந்த ஒருவர் அதே அவையில் எழுந்து நின்று மறுத்துப் பேசியதால் அந்த வாதம் எடுபடவில்லை. நிலவரி பற்றிய தீர்மானம் தோற்றது. சித்திரவதை பற்றி விசாரிக்க மட்டும் அரசு ஒப்புக்கொண்டது. கேட்டது மரத்தின் வேரைப் பற்றி, கிடைத்தது ஒரு கிளையைப் பற்றிய விசாரணை. பின்னால் வந்த அறிக்கையைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சித்திரவதை விசாரணைக் குழு

1854 செப்டம்பரில் மூவர் குழு அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் சென்னை நகரத் தலைமை மாஜிஸ்திரேட் எலியட், சிவில் அதிகாரி ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன். கடைசியாகச் சொன்ன நார்ட்டன், ஜார்ஜ் நார்ட்டன் அல்லர். தென்னிந்திய நீதி நிர்வாகத்தின் சீர்கேட்டைப் பற்றி முன்பே எழுதி அரசின் கோபத்தைச் சம்பாதித்தவர். இந்தியர் எவரும் குழுவில் இல்லை. லட்சுமிநரசுவும் இல்லை.

முறையீடு உள்ளவர்கள் வரலாம் என்று அறிவிக்கப்பட்டது. மூன்று மாதங்களில் 1,959 முறையீடுகள் வந்தன. அவற்றுள் 519 பேர் நேரில் வந்து சொன்னார்கள். மீதி 1,440 எழுத்தில் வந்தவை. மாகாணத்தின் பரப்பையும் அன்றைய சாலைகளையும் நினைத்தால் 519 பெரிய எண். கூலி இழந்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பல நாள் நடந்து, திரும்பிப் போனால் அதே தாசில்தாரின் கையில்தான் வாழ வேண்டும் என்று தெரிந்தும் வந்தவர்கள் அவர்கள். லட்சுமிநரசுவின் பெயர் இந்த வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. அவர்களுடைய பெயர்கள் அறிக்கையின் பின்னிணைப்போடு நின்றுவிட்டன.

1855 ஏப்ரல் 16 தேதியிட்ட அறிக்கை பட்டியலிட்ட முறைகளில் இரண்டின் தமிழ்ப் பெயர்களே ஆங்கிலத்திலும் வழங்கின. ஒன்று கிட்டி: ஒரு முனையில் கட்டிய இரண்டு கட்டைகளுக்கிடையே விரல்களையோ உடலின் வேறு பகுதியையோ வைத்து நெருக்குவது. மற்றொன்று அண்ணாந்தாள்: ஆளைக் குனியவைத்து, கழுத்தின் மேலும் கால்விரலின் கீழும் கயிற்றைக் கொடுத்துக் கட்டி, வெயிலில் விட்டுவிடுவது. சிலசமயம் முதுகில் கல்லையும் ஏற்றுவார்கள். அண்ணாந்தாள் என்ற சொல் திண்ணைப் பள்ளிக்கூடத் தண்டனை ஒன்றுக்கும் பெயராக இருந்தது. சேவகர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, சிறுவயதில் பட்டதையே பெரியவர்களிடம் செய்தார்கள் என்றும் சொல்லலாம். மிளகாய்ப் பொடியைக் கண்ணில் தூவுவது, குடிக்கவும் உண்ணவும் விடாமல் அடைத்து வைப்பது ஆகியனவும் பட்டியலில் இருந்தன. இவ்வளவும் பெரும்பாலும் அற்பத் தொகைக்காக நடந்தன என்பதைக் குழு தனியே குறித்தது.

வரி வசூலுக்காகவும், காவல் விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் சித்திரவதை மாகாணத்தில் பரவலாக நடக்கிறது என்பது குழுவின் முடிவு. அது முன்னைவிடக் குறைந்து வருகிறது என்றும் குழு சொன்னது. பாதிக்கப்பட்டவர் நீதி பெறுவதற்கு இருந்த தடைகளை, அதாவது தூரம், செலவு, கால விரயம், நடுவில் நிற்கும் சிப்பந்திகள் ஆகியவற்றை ஒளிக்காமல் எழுதியது. ஆனால் ஐரோப்பிய அதிகாரிகள் மேல் பழி இல்லை, மக்கள் காப்பாற்றக் கேட்பதெல்லாம் தம் நாட்டவரான சிப்பந்திகளிடமிருந்துதான் என்று எழுதி முடித்தது. இது பாதி உண்மை. கிட்டியைப் பிடித்த கை உள்ளூர்க் கைதான். அந்தக் கையை இன்ன தேதிக்குள் இவ்வளவு பணம் கொண்டுவா என்று அனுப்பிய கணக்கு எங்கே எழுதப்பட்டது என்ற கேள்விக்குள் குழு போகவில்லை. அதைத்தான் சங்கத்தின் 1852 மனு கேட்டிருந்தது.

அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 1857இல் வடநாட்டில் கிளர்ச்சி வெடித்து, சிப்பாய்களின் கொடூரங்களைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிக் குவித்தபோது, லண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையைக் கையில் எடுத்தார். 1857 செப்டம்பர் 17 தேதியிட்ட 'நியூயார்க் டெய்லி டிரிபியூன்' இதழில், இப்படியெல்லாம் நடத்தப்பட்ட மக்கள் எழுந்தால் வியப்பென்ன என்னும் பொருளில் அவர் கட்டுரை வெளிவந்தது. கடலூருக்கு நடந்து போக முடியாத முறையீடுகள் மூன்று ஆண்டில் அமெரிக்க வாசகர்களின் கைக்குப் போய்விட்டன.

உள்ளூரில் உருப்படியாக வந்த பலன் காவல்துறைப் பிரிவினை. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் காவலை வருவாய்த்துறையிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கியது. தாசில்தாரின் இரண்டு தொப்பிகளில் ஒன்று கழன்றது. நிலத்தை முறையாக அளந்து வரியைத் திருத்தும் வேலையும் 1850களின் இறுதியில் தொடங்கியது. காவல் நிலையத்துக்குள் நடக்கும் சித்திரவதை இதனால் ஒழிந்ததா என்பதற்குப் பதில் வாசகருக்கே தெரியும்.

சட்டமன்றத்தில்

கம்பெனி ஆட்சி முடிந்து 1858இல் அரசியின் நேரடி ஆட்சி வந்தது. சங்கமும் இதையே வேண்டி வந்திருந்தது. வேண்டியது கிடைத்த பிறகு சங்கத்துக்கு வேகம் குறைந்தது. உட்பூசலும் இருந்தது. 1862 அளவில் அதன் இயக்கம் ஏறக்குறைய நின்றுபோனது.

1861ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம் மாகாண அவைகளில் அதிகாரி அல்லாத சிலரை ஆளுநர் நியமிக்க இடம் தந்தது. சென்னையில் அப்படி முதலில் நியமிக்கப்பட்ட இந்தியர் வழக்கறிஞர் வி. சடகோபாசார்லு. அடுத்து 1863இல் லட்சுமிநரசு நியமிக்கப்பட்டார். இந்திய நட்சத்திரப் பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டது. கெசட்டில் ஒரு விளம்பரத்துக்கு இடம் மறுத்த அரசு, 20 ஆண்டு கழித்து அதே கெசட்டில் அவர் பெயருக்கு முன் 'கனம்' சேர்த்து அச்சிட்டது.

அந்த அவை எதைச் செய்ய முடியும்? ஆளுநர் கொண்டுவரும் சட்ட வரைவைப் பற்றி மட்டும் பேசலாம். கேள்வி கேட்க இயலாது. வரவு செலவைப் பற்றிப் பேச இயலாது. ஓர் அதிகாரி செய்த கொடுமையைப் பற்றி வாய் திறக்க இயலாது. உறுப்பினரை அனுப்பியது மக்கள் இல்லை, ஆளுநர். அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனவரை அவருடைய வட்டாரத்து வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாக்காளர்கள் பெரும்பாலும் வெள்ளை ஆண்களே என்றாலும், அடுத்த தேர்தலில் அவர்களிடம் அவர் திரும்பிப் போக வேண்டியிருந்தது. லட்சுமிநரசு திரும்பிப் போக வேண்டிய தொகுதி எதுவும் இல்லை. இதழ் வைத்திருந்த நாளில் அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்றைக்கூட அவையில் எழுப்ப விதி இடம் தரவில்லை.

கடைசி ஆண்டுகளில் அவரிடம் பணமும் இல்லை. தந்தையும் தாமும் அவுரியிலும் துணியிலும் சேர்த்த செல்வத்தின் பெரும் பகுதி இதழுக்கும் சங்கத்துக்கும் மனுக்களுக்கும் போயிருந்தது. வணிகத்திலும் இழப்பு. 1868இல், 62ஆம் வயதில், வறுமையில் இறந்தார்.

சுதேசி சங்கம் பெயரளவில் சில காலம் இருந்து 1880களின் தொடக்கத்தில் மறைந்தது. 1884 மே மாதம் சென்னை மகாஜன சபை தோன்றியது. சட்டமன்ற உறுப்பினர் அரசை நோக்கிக் கேள்வி கேட்கும் உரிமை 1892ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. அப்போது லட்சுமிநரசு இறந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.